பத்தாம் நம்பர்

அறுபத்து நான்கு சாமான் உள்ள பெட்டியைத்தான்
முதலில் எடுத்துப் போட்டாள் லோ கடைக்காரி.
நீலப் பிளாஸ்டிக். உள்ளே வெள்ளிப் பல்வரிசை.
ஐம்பத்தொன்பது வெள்ளி, உனக்கு ஐம்பது
என்றாள் மலாயில்.
மூடிப் பார்த்தேன். கொக்கி நிற்கவில்லை.
கொக்கியே நிற்காத பெட்டியை நம்பி
எந்த நட்டைக் கழற்றுவது?

என் மோட்டாருக்கு அறுபத்து நான்கு வியாதி இல்லை.
நாலைந்துதான், அதுவும் எனக்குத் தெரிந்தவை:
காலையில் இருமும்.
செம்பனை லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கினால்
செயின் புலம்பும்.
மழை கண்டால் பிளக்கு நனைந்து
தோட்டத்துக் குறுக்கு வழியில், விளக்கில்லாத இடமாகப் பார்த்து,
செத்துப் போகும்.
ஓவர்டைம் சீட்டின் முதுகில் எல்லாம் எழுதி வைத்திருந்தேன்.

எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாலு, பதினேழு.
வாய்க்குள் சொல்லிக்கொண்டே பொறுக்கினேன்.
பின்னால் பெயின்ட் வாங்க நின்றவர்
பக்கத்து நம்பர் கடையை நினைத்தாரோ என்னவோ,
"பதினேழு வருமா, தங்கச்சி?" என்றார்.
"எண்ணெய் நட்டுக்கு வரும்" என்றேன்.

பளபளப்பைப் பார்க்கக் கூடாது.
வெளிச்சத்தில் பிடித்து வாயைப் பார்க்க வேண்டும்,
இரண்டு உதடும் ஒரே தடிப்பா என்று.
எண் ஆழமாக வெட்டியிருக்கிறதா,
நகத்தால் சுரண்டினால் போகிற மாதிரி அச்சடித்ததா என்று.
நான் சுரண்டினேன். கடைக்காரி முறைத்தாள்.
கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக
ரப்பர் விரல்களுக்குள் காற்றடைத்து
ஓட்டை தேடுகிறவள் நான்.
நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பிளக்குக்குக் குழாய் ஒன்று, பதினாறு, உள்ளே ரப்பர் வைத்தது.
திருப்புளி இரண்டு. கம்பி பிரஷ் ஒன்று.
விசிறிபோல் விரிகிற இடைவெளித் தகடுகள் ஒரு கட்டு.
டார்க் ரெஞ்சைக் கையில் ஏந்தினேன், நல்ல கனம்.
விலையைப் பார்த்ததும்
பிறத்தியார் பிள்ளையைப் போலத் திருப்பிக் கொடுத்தேன்.
அதற்குப் பதிலாக நீளமான பதினேழு இன்னொன்று.
அங்கேதான் புத்தி கெட்டது.

ஞாயிறு. பாடாங் செராய்க்கு மேலே மேகம் கூடும் முன்
வாசல் சிமெண்டில் அரிசிப் பையை விரித்தேன்.
வால்வுக்கு இடைவெளி
பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் ஐந்து.
தலைமுடியைவிட மெலிந்த தகடு
உள்ளே போக வேண்டும், லேசாகப் பிடிபட வேண்டும்,
இழுத்தால் வந்துவிட வேண்டும்.
மூன்று முறை வரவில்லை. நான்காவதில் வந்தது.
மிதித்தேன். இருமல் இல்லை.
எதிர்வீட்டு அந்தோணியம்மா சுளகோடு வந்து
"புது மோட்டாரா, கனகமணி?" என்றாள்.

அந்தத் திமிரில் எண்ணெயும் மாற்றினேன்.
நட்டைப் பூட்டியாயிற்று, போதும் என்றது கை.
இன்னும் அரைச் சுற்று என்றது நீளமான பதினேழு.
திடீரென்று ஒரு மென்மை,
பழுத்த பப்பாளிக்குள் விரல் போன மாதிரி.
அலுமினியப் புரி முழுக்கச் சுருளாய் உரிந்து
தட்டில் விழுந்தது. பின்னாலேயே புது எண்ணெய்.

பட்டறையில் எழுபது வெள்ளி.
தள்ளிக்கொண்டே போனேன், கோயிலைத் தாண்டி,
நம்பர் கடையைத் தாண்டி.
லோ கடைக்காரி பார்த்தாள்.
நல்லவேளை, ஒன்றும் கேட்கவில்லை.

நீளமான பதினேழு இப்போது
குளியலறை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது.
மற்றதெல்லாம் பிஸ்கட் டின்னில் பத்திரம்.
பத்தாம் நம்பரைத் தவிர.
பையை உதறினேன், சாக்கடையில் குச்சி விட்டேன்,
அந்தோணியம்மா மகனின் சைக்கிளைக்கூட
ஒரு பார்வை பார்த்துவிட்டேன்.

மறுபடி கடைக்குப் போனேன்.
வாய் திறக்கும் முன்
கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு வாளியை
காலால் தள்ளி விட்டாள்.
வாளி நிறைய
பத்து, பத்து, பத்து.